கனகாம்பரத்துக்கு ஒரு வக்காலத்து

திருக்குறளின் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. அதன் இறுதிக் குறளை (650) ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். தாம் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர், கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலரைப் போன்றவர் என்பது அதன் பொருள். 'நாறா' என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். "நாறாத பூ நல்ல பூதானே ஐயா?" என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்பார். நாற்றம் என்பது முன்னாளில் நறுமணத்தைக் குறித்தது, பிற்காலத்தில் பொருள் இழிந்தது என்று விளக்குவோம். அடுத்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டும். "கனகாம்பரத்தைப் பாருங்கள். கதிர் கதிராகப் பூக்கிறது, கண்ணைப் பறிக்கிறது, முகர்ந்தால் ஒன்றுமில்லை. படித்தும் வாய் திறக்கத் தெரியாதவர் அப்படித்தான்" என்போம். வகுப்பு தலையசைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்.

அந்த எடுத்துக்காட்டை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். குறளில் குறை காணும் துணிவு நமக்கில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நாம் சுட்டிக்காட்டிய பூவையும், அந்தப் பூவை அளவுகோலாக வைத்து நாம் எடைபோட்ட மனிதரையும் பற்றியே இங்குப் பேச்சு. கனகாம்பரத்தை நட்டு, சாகக் கொடுத்து, மீண்டும் நட்டுத் தழைக்கவைத்த பிறகு வந்த அறிவு இது. ஆகவே செடி வளர்ப்புச் செய்திகள் சற்று மிகுதியாகவே வரும். இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

மணத்தைக் கொண்டு மலரை மதிப்பது நம் மரபில் ஊறிப்போன பழக்கம். முல்லை, மல்லிகை, தாழை, சண்பகம் என்று நாம் போற்றும் பூக்கள் பலவும் மூக்கின் வழியே மனத்துக்குள் புகுந்தவை. அந்த அவையில் கனகாம்பரத்துக்கு ஓரத்தில்தான் இடம். மல்லிகைச் சரத்தில் நிறம் கூட்டுவதற்காக இடையிடையே வைத்துக் கட்டுவார்கள்; கதம்பத்தில் சேர்ப்பார்கள். மணமில்லாத பூ பூசைக்கு ஆகாது என்று ஒதுக்குவாரும் உண்டு. ஆனால் பூக்கட்டும் பெண்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். காலையில் சூடிய மல்லிகை மாலைக்குள் வாடிப் பழுப்பேறிவிடும். கனகாம்பரம் மறுநாளும் தலையில் நிற்கும். எடையில்லாத பூ, சரம் எத்தனை அடர்த்தியாக இருந்தாலும் பின்னலை இழுக்காது.

கனகாம்பரம் என்ற பெயர் சங்கப் பாட்டில் இல்லை. கனகம், அம்பரம் என்னும் வடசொற்கள் கூடிய பெயர்; பொன்னாடை என்று பொருள் கொள்ளலாம். பெயரை வைத்துச் செடியையும் வந்தேறி என்று கருதிவிடக் கூடாது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகங்கள். இக்காலப் புனைகதையில் கு.ப.ரா. தம் சிறுகதை ஒன்றுக்குக் 'கனகாம்பரம்' என்றே தலைப்பு வைத்தார் என்பதை இவ்வலைப்பூ வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இன்னோர் உறவையும் சொல்லவேண்டும். 2018இல் குறிஞ்சி பூத்தபோது நம் துறை மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கொடைக்கானல் மலைக்கு அழைத்துச் சென்றோம். அதற்கு முன் அது பூத்தது 2006இல். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்த நீலத்தின் முன் நின்று குறிஞ்சிப்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் உரையாற்றினோம். மலரினும் நம் உரையில் நமக்கே கூடுதல் மயக்கம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். தாவரவியலார் வகுப்பில் குறிஞ்சியும் கனகாம்பரமும் ஒரே குடும்பம். அகாந்தேசி என்பது அதன் பெயர். ஆடாதொடை, நீர்முள்ளி, டிசம்பர் பூ ஆகியவையும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒருமுறை பூத்து விதையுதிர்த்து மடியும் குறிஞ்சிக்காக மலையேறிய நாம், ஆண்டில் பெரும்பகுதி பூத்துக்கொண்டிருக்கும் அதன் சுற்றத்தாரைக் கல்லூரி வாசலில் கண்டுகொள்ளாமல் இருந்தோம்.

*

2022 ஆனியில் துறைக் கட்டடத்தின் கிழக்குப் புறத்தில் ஒரு பாத்தி அமைத்தோம். அது முன்பு விடுதிச் சமையலுக்காகக் கத்தரியும் தக்காளியும் போட்டிருந்த இடம். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் ஒப்பிக்கும் மாணவர்கள் அவற்றுள் ஒன்பதைக்கூட நேரில் கண்டதில்லை என்ற வருத்தம் நெடுநாளாக இருந்தது. முதலில் எளிதாக வளரக்கூடிய ஒன்றை நட்டுப் பழகுவோம் என்று, ஒரு நர்சரியிலிருந்து இருபது கனகாம்பரச் செடிகளை வாங்கி வந்து நட்டோம். 'டெல்லிக் கனகாம்பரம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அடர்ந்த ஆரஞ்சு நிறம், அகன்ற இதழ். ஆவணி முழுவதும் பாத்தி நெருப்புப் பிடித்தாற்போல் இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் இலைகள் வெளிறின. சில செடிகளில் இலை ஓரம் சிவந்து சுருங்கியது. வளர்ச்சி நின்றது. தாகம் என்று எண்ணிக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். ஊற்ற ஊற்றச் செடிகள் மேலும் சோர்ந்தன. கார்த்திகைக்குள் இருபதில் பதினான்கு போய்விட்டன. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று ஆசிரியர் அறையில் குறைபட்டுக்கொண்டோம்.

அதே பருவத்தில் முதுகலை இரண்டாமாண்டு வகுப்பில் கருத்துரை வழங்கும் தேர்வு நடந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு தலைப்பில் கால்மணி நேரம் பேசவேண்டும், பத்து மதிப்பெண். ஒரு மாணவி மேடையேறினார். நான்கு வாக்கியம் பேசினார். பிறகு தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இறங்கிவிட்டார். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுபவர்தாம். நான்கு வாக்கியத்துக்கு நான்கு மதிப்பெண் என்று போட்டோம். கணக்குச் சரியாக இருப்பதாகவும் எண்ணிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து 650ஆம் குறள் வந்தது. வழக்கம்போல் கனகாம்பரத்தைச் சொன்னோம். முன்வரிசையிலிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பி அந்த மாணவியைப் பார்த்தார்கள். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நாமும் அதைப் பார்த்தோம். பார்த்த பிறகும் எடுத்துக்காட்டை நிறுத்தாமல் முடித்தோம். இக்கட்டுரை எழுத நேர்ந்தது அதனால்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை, எஞ்சிய ஆறு செடிகளுக்கும் நாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மாணவி அருகில் வந்தார். "தண்ணி ஊத்தாதீங்கய்யா" என்றார். கேட்காமலே ஒரு செடியைப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணை உதறிக் காட்டினார். "முடிச்சு முடிச்சா இருக்கு பாருங்க. நூற்புழுய்யா. இந்த மண்ணுல வச்சா எந்தக் கனகாம்பரமும் நிக்காது. முன்னாடி இங்க கத்தரி போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். "அதான்" என்றார்.

அவர் தந்தை நிலக்கோட்டைப் பக்கத்தில் அரை ஏக்கரில் கனகாம்பரம் வைத்திருப்பவர் என்பது அன்றுதான் தெரிந்தது. விடியுமுன் பூப்பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஒன்றரை ஆண்டாக நம் வகுப்பில் இருந்தவர்.

*

அவர் சொன்னதை நூல்களில் தேடிச் சரிபார்த்தோம். கனகாம்பரத்தின் பெரும்பகை நூற்புழுவே. கண்ணுக்குத் தெரியாத அப்புழுக்கள் வேருக்குள் புகுந்துவிடுகின்றன. அவற்றுள் வேர்முடிச்சு நூற்புழு கத்தரிக்கும் தக்காளிக்கும்கூட உறவாடும் புழு. அது தாக்கிய வேர் நீரையும் சத்தையும் உறிஞ்ச மாட்டாது. இலை வாடும், பார்ப்பவர் வறட்சி என்று எண்ணுவர். நீரை மேலும் ஊற்றினால் காற்றோட்டமின்றி எஞ்சிய வேரும் அழுகும். வேரைக் காயப்படுத்தும் புழுவுக்குப் பின்னாலேயே வாடல் நோய்ப் பூஞ்சையும் உள்ளே வந்துவிடும். நாம் செய்தது அத்தனையும் தவறு. விற்றவர் மீது சுமத்திய பழியை அன்றே இறக்கி வைத்தோம்.

மண்ணை மீட்பதற்கு அவர் சொன்ன வழி பொறுமையைக் கேட்பது. தையில் பாத்தி முழுவதும் செண்டுமல்லி நட்டோம். அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுக்களை அடக்கும். வைகாசியில் அவற்றைப் பிடுங்கி மண்ணைக் கொத்திப் புரட்டி, வெயிலில் காயவிட்டோம். பிறகு வேப்பம்புண்ணாக்கும் மக்கிய தொழு உரமும் இட்டோம். மழைநீர் தேங்காதபடி பாத்தியைச் சற்று மேடாக்கினோம். ஆடியில்தான் மறுநடவு. அதற்குள் அம்மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். ஆனால் செடிகள் அவர் கொடுத்தவை.

தை மாதத்தில் ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கட்டுக் குச்சி கொண்டு வந்தார். குச்சி வைக்கும் முறையை அவர் செய்து காட்டியபடியே இங்கே எழுதுகிறோம். வீட்டில் செடி வளர்க்கும் வாசகர்க்குப் பயன்படும்.

தளிர் நுனியும் ஆகாது, அடியில் முற்றிய கட்டையும் ஆகாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதியை எடுக்க வேண்டும். மூன்று நான்கு கணு இருக்கட்டும். ஒரு சாணுக்குள் நீளம் போதும். கீழ் வெட்டு, கணுவுக்குச் சற்றே கீழே அமைய வேண்டும், ஏனெனில் வேர் கிளம்புவது பெரும்பாலும் கணுவிலிருந்துதான். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டு இலை மட்டும் விடவேண்டும். அவையும் பெரியனவாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். வேரில்லாத குச்சி, இலை வழியே இழக்கும் நீரை ஈடுசெய்ய முடியாது. குச்சியின் நுனியில் பூக்கதிர் இருந்தால் தயங்காமல் கிள்ளிவிட வேண்டும். இவ்விடத்தில் நாம் தயங்கினோம். பூத்து நின்ற கதிர், மனம் வரவில்லை. "பூ இருந்தா வேர் விடாதுய்யா" என்றார்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட பைகளில் நிரப்பினோம். மண் பழைய பாத்தியிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, வேப்பமர நிழலில் வைத்தோம். நாளுக்கு இருமுறை நீர் தெளித்தால் போதும். மண் சேறாகக் கூடாது. வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். மூன்று நான்கு வாரத்தில் இலையிடுக்கில் புதுத்துளிர் தோன்றும். உள்ளே வேர் ஓடியதற்கு அதுவே சான்று. நாற்பது குச்சியில் முப்பத்தொன்று பிழைத்தன. பிழைத்தவற்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். முழு வெயிலைவிடப் பாதி நிழலில் இச்செடி நிறம் குன்றாமல் பூக்கிறது என்பது நம் அனுபவம்.

*

குச்சிக் கட்டோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. அதை ஈரக்கையால் தொட வேண்டாம் என்று எச்சரித்தார். உள்ளே காய்ந்த பூக்கதிர்கள். அவருடைய பாட்டி வீட்டுக் கொல்லையில் நிற்கும் நாட்டுக் கனகாம்பரத்தினுடையவை.

டெல்லிக் கனகாம்பரம் விதை வைப்பதில்லை. அதன் உயிரணுவில் குரோமோசோம் தொகுதிகள் மூன்று. இனப்பெருக்க அணுக்கள் உண்டாகும்போது மூன்று தொகுதிகள் இரண்டாகச் சரிவரப் பிரிய முடியாது. ஆகவே அது மலடு. குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். நாம் காணும் ஒவ்வொரு டெல்லிச் செடியும் இன்னொரு செடியின் துண்டு. அதுவும் மற்றொன்றின் துண்டு. விதைக்காகச் சத்தைச் செலவிடாத அச்செடியின் பூ பெரிது, நிறம் அழுத்தம், சந்தையில் விலையும் கூடுதல். நாட்டுச் செடியின் பூ சற்றுச் சிறிது. அது விதை வைக்கும். அதனாலேயே அது சந்தையிலிருந்து கொல்லைக்கும், கொல்லையிலிருந்து மறதிக்கும் போய்க்கொண்டிருக்கிறது. நாம் கேட்டுப் பார்த்த ஐந்து நர்சரிகளில் ஒன்றில்கூட நாட்டு வகை இல்லை.

கனகாம்பரக் காயில் விதை நான்கு. காய் காய்ந்ததும் அதன் இரு பாதிகளும் விறைத்து நிற்கும். நீர்த்துளி பட்டதும் பொருத்துவாய் நெகிழ்ந்து 'படக்'கென்று வெடிக்கும். விதைகளைத் தாங்கும் சிறு கொக்கிகள் அவற்றைத் தூர எறியும். ஆங்கிலத்தில் இச்செடிக்குப் பட்டாசுப் பூ என்று பொருள்படும் பெயர் உண்டானது இதனால்தான். மழை வந்தால்தான் முளைக்க முடியும். ஆகவே மழை வரும்வரை வாயை மூடிக் காத்திருக்கும் காய். இதனை அறிந்த அன்று, வாய் திறக்காததை அறியாமை என்று இத்தனை ஆண்டு கொண்டிருந்த நம் முடிவு சற்று அசைந்தது.

விதை எடுப்பவர் கதிர் பழுப்பேறியதும், பனி காய்ந்த நண்பகலில் வெட்டிக் காகித உறைக்குள் வைக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் காய்களைப் போட்டு மேலே துணி மூடினால் விதைகள் சிதறாமல் கிடைக்கும். மெல்லிய மண்ணில் தூவி, மேலே மணல் ஒரு படலமாக இட்டு, பூவாளியால் நீர் தெளிக்கலாம். முளைப்பு ஒரே நாளில் நிகழாது. சில விதைகள் இரண்டு வாரத்தில் வந்தன. சில ஒரு மாதம் எடுத்துக்கொண்டன. இரண்டு மாத நாற்றைப் பிடுங்கி நட்டோம். வந்த செடிகளில் ஒன்று மற்றவற்றைவிட வெளிறிய நிறத்தில் பூத்தது. குச்சி வைத்த செடிகளில் அத்தகைய வேறுபாடு எதிர்பார்க்க முடியாது.

தமிழ் படித்தவர்க்கு இதை வேறு வகையாகவும் சொல்லலாம். குச்சி வைப்பது ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவது போன்றது. மூலத்தின் அழகு அப்படியே வரும்; மூலத்தின் நோயும் அப்படியே வரும். வேர்விட்ட செடியை மண்ணோடு வாங்கினால் நூற்புழுவும் உடன் வரும். தாய்ச்செடி ஒரு நோய்க்குத் தோற்பதாயின் அதன் துண்டுகள் அனைத்தும் தோற்கும். விதையில் ஒவ்வொன்றும் சிறிது மாறி வருகிறது; அந்த மாற்றத்தில்தான் நாளைய தேர்வுக்கு இடமிருக்கிறது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்கா அம்பரா', 'அர்கா கனகா' போன்ற கனகாம்பர வகைகளை வெளியிட்டிருக்கிறது. புதிய வகை காண்பவர்க்கு வேறுபாடுள்ள செடிகளே முதல். டெல்லி வேண்டாம் என்பதன்று நம் கட்சி. உழவர் வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது. வீட்டுக் கொல்லையிலும் கல்லூரி வளாகத்திலும் பூ விற்கும் தேவையில்லாத நாமாவது நாட்டுச் செடியை வைத்துக் காக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பழைய சுவடிகளுக்காக அழுகிறவர்கள் ஒரு பிடி விதைக்கும் பொறுப்பேற்கலாம்.

இது மென்மையான செடி என்பதையும் மறக்கக் கூடாது. குளிர்நாடுகளில் இதனைத் திறந்த வெளியில் மாரிக்காலத்தில் விட முடியாது. ஸ்வீடனில் உருவான 'மோனா வால்ஹெட்' என்னும் குட்டை வகை, அங்கே கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் தொட்டியில் வளர்ந்து பெயர் பெற்றது. நமக்கு அந்தக் கவலை இல்லை. நம்மிடம் அதன் பகை தேங்கும் நீரும், நோயுற்ற மண்ணும், சுண்ணாம்பு மிகுந்த நிலமும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்புச்சத்துக் கிட்டாமல் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு அன்னபேதி உப்பை நீரில் கரைத்து மிகச் சிறிய அளவில் இலைமேல் தெளிக்கிறார்கள். மஞ்சள் இலையைக் கண்டதும் உரத்தை அள்ளிப் போடுவது, பேசாத மாணவரை உரக்க அதட்டுவதைப் போன்றது. காரணம் எதுவென்று வேரில் பார்க்க வேண்டும்.

*

நம் துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். "செடி வளர்க்கத் தெரிந்தவர் வேளாண்மை படிக்கட்டும். இலக்கியம் படிப்பவர் பேசித்தான் ஆகவேண்டும். வள்ளுவர் சொல்வன்மை என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார், உங்கள் இரக்கத்துக்காக அதை வளைக்காதீர்கள்" என்றார். நியாயமான மறுப்பு. கையால் செய்து காட்டுவதும் விரித்துரைத்தலே என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. குறள் பேசுவது சொல்லைப் பற்றித்தான். மௌனத்தை உயர்த்திக் கவிதை பாடவும் நமக்கு விருப்பமில்லை. ஆசிரியராகப் போகிறவர் பேசாமல் இருக்க இயலாது.

ஆயினும் நண்பர்க்கு நம் விடை இது. அந்த மாணவிக்குக் கற்றது இருந்தது, அதை விரித்துரைக்கும் சொல்லும் இருந்தது. பாத்தியோரத்தில் அவர் பேசிய சொற்களில் ஒன்றுகூட வீணில்லை. மேடையும், கால்மணிக் கணக்கும், அவர் தேர்ந்தெடுக்காத தலைப்பும்தான் அவர் வாயை அடைத்தன. உலர்ந்த கையில் கனகாம்பரக் காய் வெடிக்கவில்லை என்று அதில் விதையே இல்லை என முடிவு கட்டினோம். குறள், சொல்லத் தெரியாதவரைப் பற்றிப் பேசுகிறது. யார் சொல்லத் தெரியாதவர் என்று முடிவு செய்யும் உரிமையை நான்கு வாக்கியம் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டது நாம்.

அடுத்த பருவத்தில், 2023 மாசி இறுதியில், மீண்டும் கருத்துரைத் தேர்வு வந்தது. இம்முறை தலைப்பை மாணவர்களே தேரலாம், பொருளைக் கையில் கொண்டும் வரலாம் என்று மாற்றினோம். அம்மாணவி இரண்டு பைச்செடிகளும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொண்டு வந்தார். மேடையேறாமல் வகுப்பின் நடுவில் ஒரு மேசையில் அவற்றை வைத்துக்கொண்டு, நம்மைப் பாராமல் செடியைப் பார்த்தபடி இருபது நிமிடம் பேசினார். பூப்பறிக்கும் பெண்களின் வழக்குச் சொற்களைப் பற்றிய பேச்சு அது. இடையில் காயைத் தண்ணீரில் போட்டார். அது வெடித்தபோது முன்வரிசை அலறிவிட்டுப் பிறகு சிரித்தது. பேச்சு சிறப்பாக இருந்தது என்று மிகைப்படுத்த மாட்டோம்; தொடக்கத்தில் குரல் நடுங்கியது, முடிவுரை இல்லாமல் நின்றது. எட்டு மதிப்பெண் பெற்றார். முந்தைய பருவத்தின் நான்கு, அவருடைய மதிப்பெண் பட்டியலில் அச்சாகி நிற்கிறது. அதை மாற்ற வழியில்லை. வகுப்பில் சொன்ன எடுத்துக்காட்டுக்காக அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லய்யா" என்று மட்டும் சொன்னார். அதை நம்புவதா என்பது இன்றுவரை தெரியவில்லை.

*

பாத்தி இப்போது நன்றாக இருக்கிறது. ஒரு வரிசை டெல்லி, ஒரு வரிசை நாட்டுச் செடி, ஓரத்தில் செண்டுமல்லி. வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன, அவற்றுக்கு மணம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கதிரில் பூ அடியிலிருந்து மேல்நோக்கி விரியும். எல்லாம் பூத்து முடிந்த கதிரை வெட்டினால் பக்கத்தில் புதுக்கதிர் கிளம்பும். வெட்டாமல் விட்டால் விதை முற்றும். விதைப் பித்துப் பிடித்த நாம் நாட்டுச் செடிகளில் ஒரு கதிரையும் வெட்டாமல் வைத்திருந்தோம். பூப்பு குறைந்துகொண்டே வந்தது. சான்றிதழ் வாங்குவதற்காக ஒருநாள் வந்த அந்த முன்னாள் மாணவி பாத்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "விதைக்கு நாலு கதிர் போதும்யா. மத்தத வெட்டிவிடுங்க, செடி பாவம்" என்றார். அன்றே வெட்டினோம்.

650ஆம் குறளை இப்போதும் நடத்துகிறோம். நாற்றம் என்னும் சொல்லின் கதையைச் சொல்கிறோம், பின்வரிசை சிரிக்கிறது. எடுத்துக்காட்டாகப் பூ எதன் பெயரையும் சொல்வதில்லை, மனிதர் எவரையும் நினைவூட்டுவதில்லை. குறளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

பங்குனியில் நாட்டுச் செடியின் கதிர்கள் காய்ந்துவிடும். நேரில் வரும் நண்பர்களுக்கு ஆளுக்கு ஒரு கதிர் தருவதாக இருக்கிறோம். காகித உறை கொண்டு வரவேண்டும். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வரவேண்டும்.